ஹிரோஷிமா நினைவுப் பூங்காவுக்குப் பிள்ளையையும் அம்மையையும் கூட்டிப் போகலாமா?

வடசேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். முழுப்பரீட்சை லீவில் நான், வீட்டுக்காரி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபது தாண்டிய அம்மை எல்லாருமாக அங்கே போகிறோம். திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டாச்சு.

காகிதக் கொக்கு மடித்த சிறுமியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதில் இருந்து மகளுக்கு ஹிரோஷிமா பார்த்தே ஆகவேண்டும். அம்மை சம்மதிக்கவில்லை. "லெச்சம் பேரு வெந்து செத்த எடத்துக்குப் பச்சப் பிள்ளைய எதுக்குல கூட்டிட்டுப் போற? அந்த ஊருல கோயிலு கொளம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்கிறாள். வீட்டுக்காரிக்கு வேறு கவலை, அங்கே இன்னும் கதிர்வீச்சு இருக்குமோ என்று. நேரில் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அங்கே என்ன இருக்கிறது, பிள்ளை தாங்குவாளா, அம்மையிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்க?

ஒசாகா நாஞ்சிலான்:

அண்ணாச்சி, நான் ஒசாகாவில்தான் இருக்கிறேன். ஊரில் இருந்து யார் வந்தாலும் ஹிரோஷிமாவுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பூங்கா என்றதும் நம் ஆட்கள் செடி, பெஞ்சு, ஊஞ்சல் என்று நினைத்து வருகிறார்கள். மரமும் புல்லும் நன்றாகவே இருக்கும். ஆனால் 1945 ஆகஸ்ட் 6 காலை வரை அங்கே பூங்கா கிடையாது. நகாஜிமா என்கிற கடைவீதி இருந்தது. ஒரு பக்கம் ஹொன்காவா ஆறு, மறுபக்கம் மோட்டோயாசு ஆறு, நடுவில் துணிக்கடை, சினிமாக் கொட்டகை, கோயில்கள், நெருக்கி நெருக்கி வீடுகள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருந்த இடம். நம்ம கோட்டாறு கம்போளத்தை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி நெரிசல். காலை 8.15-க்குத் தரையில் இருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர்.

பிறகு அந்த வீதியின்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, பன்னிரண்டு ஹெக்டேருக்குப் பூங்கா ஆக்கினார்கள். வரைபடம் போட்டது கென்ஸோ டாங்கே என்ற கட்டடக் கலைஞர், 1949-ல் நடந்த போட்டியில் ஜெயித்தவர். அருங்காட்சியகம், நினைவு வளைவு, அணையா விளக்கு, ஆற்றுக்கு அப்பால் நிற்கும் சிதைந்த குவிமாடக் கட்டடம் நாலையும் ஒரே நேர்கோட்டில் வைத்தார். வளைவுக்கு முன்னால் குனிந்து நின்றால் அதன் வழியாகவே தீயும் இடிந்த குவிமாடமும் தெரியும். வளைவுக்கு அடியில் இருக்கும் கல்பேழையில் இறந்தவர்களின் பெயரேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த வருடம் காலமான பாதிக்கப்பட்டவர்களின் பெயரையும் சேர்ப்பார்கள். இப்போது 3,40,000 பெயரைத் தாண்டிவிட்டது.

நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் குவிமாடத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டு அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. இன்னும் இரண்டு இடம் கட்டாயம் பார்க்கணும். ஒன்று, வடக்குப் பக்கம் புல் மூடிய வட்டமான மண்மேடு. அதன் அடியில் யார் எவர் என்று தெரியாத சுமார் 70,000 பேரின் சாம்பல் இருக்கிறது. பெயர் தெரிந்தும் வாங்கிக்கொள்ள ஆள் வராத சாம்பலும் நூற்றுக்கணக்கில் உண்டு. உறவுக்காரர் யாராவது இருக்கமாட்டார்களா என்று நகராட்சி இன்றைக்கும் வருடாவருடம் அந்தப் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது.

இரண்டாவது, அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே 2022-ல் திறந்த ஒரு சின்னக் கூடம். பூங்காவின் மண்ணைத் தோண்டி, பழைய நகாஜிமா வீதியின் ஒரு துண்டை அப்படியே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் தரை. கரியாகிப் போன பாய், எரிந்த மரச்சட்டம், அதையொட்டி அந்தக் காலத்து ரோடு. நாம் நிற்கும் மட்டத்தில் இருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணாலேயே அளக்கலாம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து புல்லில் நடந்தால், எதன்மேல் நடக்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் உங்கள் மகளை முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன்.

மண்டைக்காடு பிசிக்ஸ்:

கதிர்வீச்சு பற்றி நான் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டம்மாவின் பயம் நியாயமான பயம்தான், ஆனால் இன்றைக்கு அங்கே பயப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் அணுப்பிளவு அடைந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. வெடித்ததும் உயரத்தில். அதனால் தீக்கோளம் தரையைத் தொடவில்லை, மிச்சத்தில் பெரும்பகுதி மேலே போய்க் கலைந்துவிட்டது. கதிரியக்கச் சாம்பல் கலந்த கருமழையாக ஒரு பகுதி இறங்கியது, அதில் நனைந்தவர்கள் பட்ட பாடு தனி. மண்ணில் உண்டான கதிரியக்கம் பெரும்பாலும் குறுகிய ஆயுள் கொண்டது, சீக்கிரமே தணிந்துவிட்டது. செர்னோபில் அணுமின் நிலைய விபத்தில் தரையிலேயே உலை திறந்துகிடந்து நாள் கணக்கில் எரிந்தது, உள்ளே எரிபொருள் டன் கணக்கில். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இன்றைய ஹிரோஷிமாவில் 11 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே இருப்பது உலகத்தில் எங்கும் இருக்கிற சாதாரண அளவுதான்.

கதிர்வீச்சு கூடுதலான இடம் வேண்டும் என்றால் நம் மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு வாருங்கள். அங்கே மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். ஹிரோஷிமா மண்ணைவிட நம் கரை மண்ணுக்கு இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். ஆகவே அந்தக் கவலையை விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்:

பிள்ளை தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் அண்ணன் மகளோடு போய் வந்திருக்கிறேன், அவளுக்கும் கிட்டத்தட்ட இதே வயதுதான்.

அருங்காட்சியகத்தில் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளின் பொருட்கள் நிறைய இருக்கின்றன என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். போர்க்காலத்தில் குண்டுவீச்சுத் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் இறக்கியிருந்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயசு. அன்றைக்குக் காலையில் வெட்டவெளியில் நின்று ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் சுமார் 6,000 பேர் போய்விட்டார்கள். அந்தக் கிழிந்த சீருடை, பை, செருப்பு எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

ஒரு சோற்றுப் பாத்திரம் இருக்கிறது. மூடியும் பாத்திரமும் நசுங்கி, உள்ளே சோறு கரிக்கட்டையாக இருக்கிறது. தாய் கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு. அந்தத் தாயே தேடிப்போய் மகன் உடலுக்கு அடியில் இருந்து எடுத்தது. பையன் அதைத் திறக்கவே இல்லை. நான் தினமும் மதியம் நூற்றுக்கணக்கான டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்கிறவள். அந்தப் பெட்டிக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

அண்ணன் மகள் அழுதாள். அழுததில் தப்பில்லை. ஆனால் நாம் பக்கத்திலேயே இருக்கணும், வேடிக்கை பார்த்துக்கொண்டு முன்னால் போய்விடக் கூடாது. தீக்காயப் படங்கள் இருக்கும் சுவர்களை வேண்டுமானால் வேகமாகக் கடந்துவிடலாம். கொக்குக் கதைக்கும் அவளைத் தயார்படுத்துங்கள். சடாகோ சசாகிக்குக் குண்டு விழுந்தபோது இரண்டு வயசு, காயம் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடியாடி வளர்ந்து, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் எல்லாம் ஓடியவள். ஒன்பது வருஷம் கழித்துக் கழுத்தில் வீக்கம், ரத்தப் புற்றுநோய். 1955 அக்டோபர் 25-ல் பன்னிரண்டு வயசில் இறந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் ஊர் ஊராகக் கேட்டுப் பணம் திரட்டி 1958-ல் எழுப்பிய சிலைதான் அங்கே இருப்பது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகளே கேட்டு, பிள்ளைகளே கட்டியது. உங்கள் மகளை வீட்டில் இருந்தே கொக்கு மடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் அங்கே வைக்கலாம்.

மருங்கூர் பேரன்:

எல்லாரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, யாரும் தப்பாக எடுக்கக் கூடாது.

எங்க தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அவரை லாரியில் ஏற்றி, சயாமில் (இன்றைய தாய்லாந்து) இருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனான். திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் 12,000-க்கும் மேல் செத்தார்கள், அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, ஒவ்வொன்றிலும் பெயர். ஆசியத் தொழிலாளிகள் செத்தது சுமார் 90,000 என்கிறார்கள். அதில் தமிழன் எத்தனை ஆயிரம்! காலராவில் செத்தவனைக் குழியில் தள்ளி மூடினார்கள். பெயர் எங்கே இருக்கிறது? எங்க பாட்டி சாகிறவரை அந்த ஆளுக்குத் திதி எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாமல் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் பொதுவாகத்தான் கொடுத்தார்கள்.

அந்த ராணுவத்தின் ஊருக்குப் போய் நாம் கண்ணீர் விடணுமா? ஹிரோஷிமா பெரிய ராணுவ நகரம்தானே? இது எனக்கு உண்மையாகவே செரிக்கவில்லை.

ஒசாகா நாஞ்சிலான்:

மருங்கூர்த் தம்பி, நீங்கள் கேட்டது கேட்கவேண்டிய கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

ஆமாம், ராணுவ நகரம்தான். ஐந்தாவது டிவிஷனின் தலைமையகம் அங்கே இருந்தது. சீனாவுக்கும் தெற்கே மலாயா பக்கத்துக்கும் படை கப்பலேறியது உஜினா துறைமுகத்தில் இருந்து. உங்கள் தாத்தாவின் அண்ணனைப் பிடித்த ராணுவத்தில் அந்த ஊர்ப் பையன்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள். ஜப்பானிலேயே இதை ஒளிக்காமல் பேசுகிறவர்கள் உண்டு, பேசப் பிடிக்காதவர்களும் நிறைய உண்டு.

பூங்காவில் இன்னொரு கல் இருக்கிறது. ஆமையின் முதுகில் உயரமான கல்தூண், கொரியர்களுக்கான நினைவுச் சின்னம். கொரியா அப்போது ஜப்பானின் காலனி. வேலைக்கு இழுத்துவரப்பட்ட, பிழைப்புக்கு வந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். அவர்களும் அதே குண்டில்தான் செத்தார்கள். ஆனால் 1970-ல் அவர்கள் கல் நாட்டியபோது பூங்காவுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெளியே வைத்தார்கள். உள்ளே கொண்டுவர 1999 வரை ஆனது. செத்த பிறகும் இருபத்தொன்பது வருஷம் வாசலில் நின்றார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றால் உங்கள் கோபத்துக்கும் அங்கே இடம் இருப்பது தெரியும்.

கண்ணீர் விடச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் சோற்றுப் பாத்திரத்தின் பையன் உங்கள் தாத்தாவின் அண்ணனை லாரியில் ஏற்றவில்லை. ஏற்றியவர்களின் அரசாங்கம்தான் அவனையும் வீடு இடிக்கிற வேலையில் இறக்கியது. எனக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வருத்தம் வருகிறது.

குளச்சல் அலை:

கொரியர் கல் வெளியே நின்ற கதையை இப்பந்தான் கேட்கிறேன். மனசு கேக்கல.

நான் போனதில்லை. கப்பல் வேலையில் ஜப்பான் துறைமுகம் பார்த்திருக்கேன், ஹிரோஷிமா வாய்க்கல. ஆனா ஒரு ஊரு திரும்பக் கட்டுறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் குளச்சலும் கொட்டில்பாடும் கெடந்த கெடப்பைப் பார்த்தவன். ஓடுனவங்க ஏ.வி.எம். கால்வாய்ல மாட்டிக்கிட்டாங்க. பெட்டி செய்ய நேரமில்லாம மொத்தமா அடக்கினோம். இப்பவும் டிசம்பர் 26-க்குத் திருப்பலி முடிஞ்சு கல்லறைக்கு ஊர்வலமாப் போவோம், மெழுகுவத்தி கொளுத்தி பூ வைப்போம். வெளியூர்ல இருந்து வர்றவங்க கடலைப் பாத்துட்டுப் போயிருவாங்க. கல்லறைப் பக்கம் வந்து பேரு வாசிக்கிறவங்க கொறவு. ஒசாகா அண்ணன் சொன்ன மனக்குறை எங்களுக்கும் உண்டு.

எனக்குத் தெரியவேண்டியது இது. அந்த நகாஜிமாவில் மிஞ்சினவங்க எங்க போனாங்க? வீட்டு மேல மண்ணைப் போட்டுப் பூங்கா கட்டும்போது அவங்களக் கேட்டாங்களா? எங்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி சுனாமி காலனி கட்டிக்கொடுத்தாங்க. நல்லதுதான், ஆனா வள்ளமும் வலையும் கரையில, ஆளு உள்ளே. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவனுக்கு அது எவ்வளவு தூரம்னு கட்டுனவங்களுக்குத் தெரியாது.

ஒசாகா நாஞ்சிலான்:

நகாஜிமாவில் வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய யாரும் பிழைக்கவில்லை. வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்த பிள்ளைகள், போருக்குப் போயிருந்த ஆண்கள், இவர்கள்தான் மிச்சம். துணிக்கடையாக இருந்து எரிபொருள் பங்கீட்டு அலுவலகமாக மாறிய ஒரு கான்கிரீட் கட்டடத்தில், காகிதம் எடுக்க நிலவறைக்கு இறங்கிய ஒரே ஒரு ஊழியர் தப்பித்தார். அந்தக் கட்டடம் இப்போதும் பூங்காவுக்குள் இளைப்பாறும் கூடமாக நிற்கிறது. நிலவறையை இறங்கிப் பார்க்கலாம்.

போர் முடிந்ததும் வீடில்லாதவர்கள் அந்த இடத்திலேயே தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டார்கள். 1949-ல் ஹிரோஷிமாவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, பூங்காத் திட்டம் வேகம் பிடித்தது, குடிசைகளை அகற்றினார்கள். கொஞ்சம் வடக்கே மோட்டோமாச்சி ஆற்றங்கரையில் அதைவிடப் பெரிய குடிசைப் பகுதி இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. அரசு அடுக்குமாடி கட்டி 1978-ல்தான் அந்த வேலை முடிந்தது. நீங்கள் சொன்னதேதான். பூங்கா 1954-ல் தயார், ஆட்களுக்கு வீடு அதற்கு எத்தனையோ காலம் கழித்து.

கருங்கல்காரன்:

ஒரு சந்தேகம். ஊர் முழுக்கப் புதிதாகக் கட்டியவர்கள் அந்த இடிந்த கட்டடத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? மணக்குடிப் பாலம் சுனாமியில் போனபோது உடைந்த துண்டுகள் பொழிமுகத்தில் கிடந்தன. எங்கள் அப்பா அந்தப் பக்கம் போகவே மாட்டார், பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்பார். புதுப்பாலம் வந்த பிறகுதான் போனார்.

தக்கலை டீச்சர்:

அங்கேயும் அதே வாக்குவாதம் இருபது வருஷம் நடந்திருக்கிறது. அது யான் லெட்ஸல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்து, 1915-ல் கட்டி முடித்த தொழில் வளர்ச்சிக் கூடம். குண்டு ஏறக்குறைய நேர் மேலே வெடித்ததால் சுவர்கள் பக்கவாட்டில் சாயாமல் பாதி நின்றுவிட்டன. பார்த்தால் வயிறு எரிகிறது, இடித்துவிடுங்கள் என்று ஒரு பகுதி மக்கள் கேட்டார்கள். ரத்தப் புற்றுநோயில் இறந்த ஒரு மாணவி, இந்தக் கட்டடம்தான் நடந்ததை உலகத்துக்குச் சொல்லும் என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தாள். அதைப் படித்த பிள்ளைகள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். 1966-ல் நகர்மன்றம் பாதுகாப்பது என்று தீர்மானம் போட்டது. 1996-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உங்கள் அப்பா மனசும் எனக்குப் புரிகிறது. அனுபவித்தவர்களுக்குப் பார்க்காமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் பின்னால் பிறந்த என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுனாமி என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. மணக்குடியில் ஒரு துண்டையாவது கரையில் விட்டிருந்தால் நான் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

மருங்கூர் பேரன்:

ஒசாகா அண்ணன் எழுதியதை வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பெரியப்பா மலாயாவில் இருந்து அனுப்பிய கடிதம் ஒன்று மரப்பெட்டியில் கிடக்கும், எடுத்துப் பார் என்றார். தோட்டத்தின் பெயர் அதில் இருக்கிறது.

எனக்குக் கோபம் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வடசேரி அண்ணாச்சி போகட்டும். போகும்போது அந்தக் கொரியர் கல்லுக்கு ஒரு பூ வைத்தால் எனக்காக வைத்ததாக இருக்கட்டும்.

வடசேரிக்காரன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மண்டைக்காடு சார் எழுதியதைப் படித்ததும் வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள். அம்மைக்கு மகள்தான் வாசித்துக் காட்டினாள். அந்த எழுபதாயிரம் பேர் சாம்பலுக்குக் கேட்க ஆளில்லை என்ற இடம் வந்ததும் அம்மை, "அப்பம் அது வெறும் பார்க்கு இல்லியே மக்களே, யாருமில்லாத்தவங்களுக்கு நாலு பேரு போயி நிக்கணும்லா" என்று சொல்லிவிட்டாள். இப்போது கற்பூரம் கொண்டுபோகலாமா என்று கேட்கிறாள். மருங்கூர்த் தம்பி, பூ கட்டாயம் வைப்போம்.

இன்னும் சில விவரம் வேண்டும். ஒசாகாவில் இருந்து காலையில் போய் ராத்திரி திரும்பலாமா? அம்மையால் ரொம்ப நடக்க முடியாது. சாப்பாடு சுத்த சைவம்.

ஒசாகா நாஞ்சிலான்:

ஷின்-ஒசாகா ஸ்டேஷனில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹிரோஷிமா. காலையில் போய் ராத்திரி திரும்பலாம், ஆனால் அம்மை வருவதால் ஒரு ராத்திரி தங்குங்கள். அருங்காட்சியகம் காலை 7.30-க்கே திறந்துவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யணும், அதைப் போட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் அம்மையால் நிற்க முடியாது. கட்டணம் பெரியவர்களுக்கு 200 யென், அம்மைக்கு 100, மகளுக்கு இலவசம். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்.

ஸ்டேஷனில் இருந்து ட்ராமில் 'கெம்பாக்கு டோம்-மாயே' நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே குவிமாடம். அந்த ட்ராமைப் பற்றியும் மகளிடம் சொல்லுங்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9-ந் தேதியே, ஒரு துண்டுப் பாதையில் வண்டி ஓட்டிவிட்டார்கள்.

கற்பூரம் வேண்டாம், திறந்த தீ அங்கே சரிப்படாது. மண்மேட்டுக்கு முன்னால் ஊதுவத்தி வைக்கும் இடம் இருக்கிறது. அம்மை ஊரில் இருந்தே ஒரு பாக்கெட் கொண்டுவரட்டும். பூ ஸ்டேஷன் கடையிலேயே கிடைக்கும், வெள்ளைச் செவ்வந்தி வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அங்கே சைவம் என்று கேட்டு வாங்கினாலும் குழம்பில் மீன்சாறு சேர்ந்திருக்கலாம், அம்மைக்கு ஒத்துவராது. என் வீட்டில் புளிச்சோறும் தயிர்சோறும் கட்டித்தருகிறோம். தேதி மட்டும் தனிமடலில் சொல்லுங்கள். அன்றைக்கு லீவு கிடைத்தால் நானும் கூட வருகிறேன்.